தியேட்டரிலிருந்து உங்கள் போனுக்கு சரியாக 28 நாள்: இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

முதலில் ஒரு சின்ன வேலை. போனில் காலண்டரைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஜெயிலர்’ தியேட்டருக்கு வந்தது 2023 ஆகஸ்ட் 10. அமேசான் பிரைமுக்கு வந்தது செப்டம்பர் 7. ‘மகாராஜா’ 2024 ஜூன் 14. நெட்ஃபிளிக்ஸில் ஜூலை 12. விஜய்யின் ‘கோட்’ அதே ஆண்டு செப்டம்பர் 5. நெட்ஃபிளிக்ஸில் அக்டோபர் 3. ‘மெய்யழகன்’ செப்டம்பர் 27, அக்டோபர் 25. ‘தக் லைஃப்’ 2025 ஜூன் 5, ஜூலை 3. ‘கூலி’ ஆகஸ்ட் 14, செப்டம்பர் 11.

எண்ணிப் பார்த்தீர்களா? ஆறு படம், இரண்டு பிளாட்ஃபார்ம். இதில் பிளாக்பஸ்டரும் உண்டு, முதல் திங்கள்கிழமையே காற்று வாங்கியதும் உண்டு. ஆனால் ஆறுக்கும் இடைவெளி ஒன்றுதான். 28 நாள். ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இந்த 28 எந்தச் சட்டத்திலும் கிடையாது. எந்த அரசாணையும் சொல்லவில்லை. ஆனால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸில் “படத்துக்குப் போலாமா?” என்று யாராவது கேட்டால், “விடு மச்சி, நாலு வாரத்துல ஓ.டி.டி.ல வந்துரும்” என்று இன்னொருவர் சொல்லுகிறார் இல்லையா, அந்த ஒரு வரி தமிழ்நாட்டில் எத்தனையோ தியேட்டர்களின் கேட்டை இழுத்து மூடவைத்துக்கொண்டிருக்கிறது. அந்த வரியை நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கணக்கைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

பொட்டி வந்தாச்சா?

2000-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே புரியாது. அப்பா தலைமுறைக்கு நன்றாகப் புரியும். படம் என்பது அப்போது ஒரு பொருள். ஃபிலிம் சுருள்கள், தகரப் பெட்டியில் பஸ்ஸிலோ ரயிலிலோ வரும். பொட்டி வந்தால்தான் படம். சில ஊர்களில் ஒரே பிரின்டை இரண்டு தியேட்டர் பகிர்ந்துகொள்ளும். இங்கே ஒரு ரீல் ஓடி முடிந்ததும் ஒருவர் அதை சைக்கிளில் வைத்துக்கொண்டு அடுத்த தியேட்டருக்குப் பறப்பார். வழியில் பஞ்சர் ஆனால் அங்கே இடைவேளை நீளும்.

ஒரு பிரின்ட் போடவே அரை லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும். அதனால் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் படம் போகாது. சென்னை, மதுரை, கோவை மாதிரி ‘ஏ சென்டர்’களில் முதலில் ஓடும். சில வாரம் கழித்து ‘பி’. கடைசியாக ‘சி’. டூரிங் டாக்கீஸுக்கு வருவதற்குள் அந்தப் பிரின்டில் மழை பெய்துகொண்டிருக்கும்; அதாவது கோடு கோடாகக் கீறல். படம் மெதுவாக நகர்ந்ததால்தான் நாள்கணக்கு நீண்டது. 1944-ல் வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது என்பது நம்மூர் சினிமா வரலாற்றின் முதல் பாடம். அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2005-ல் வந்த ‘சந்திரமுகி’ சாந்தி தியேட்டரில் 800 நாளைத் தாண்டி ஓடியது. அந்த சாந்தி தியேட்டரும் 2016-ல் மூடப்பட்டுவிட்டது.

அதே 2005-ல்தான் இன்னொன்றும் நடந்தது. சென்னையைச் சேர்ந்த ரியல் இமேஜ் நிறுவனம் ‘கியூப்’ என்ற டிஜிட்டல் சினிமா முறையைக் கொண்டுவந்தது. ஃபிலிம் சுருளுக்குப் பதிலாக ஹார்டு டிஸ்க், இல்லையென்றால் சாட்டிலைட் வழியே வரும் ஃபைல். ஒரு ‘கீ’ அனுப்பினால்தான் படம் ஓடும். எந்தத் தியேட்டரில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதெல்லாம் அந்தக் கீயிலேயே இருக்கும். பொட்டிக்காகக் காத்திருந்த ஊர்களுக்கும் சென்னையோடு சேர்த்து அதே காலையில் படம் போனது.

இது நல்ல விஷயம்தான். சின்ன ஊர் ரசிகனுக்குக் கிடைத்த மரியாதை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. நூறு தியேட்டரில் நூறு நாள் ஓடிச் சம்பாதித்ததை, தமிழ்நாடு முழுக்க ஒரே நேரத்தில் போட்டு பத்து நாளில் சம்பாதித்துவிடலாம் என்ற நிலை வந்தது. கொஞ்ச காலத்தில் அதுவே கட்டாயம் ஆகிவிட்டது. முதல் மூன்று நாளில் எடுத்தால் உண்டு. நூறாவது நாள் போஸ்டரைக் கொன்றது ஓ.டி.டி. என்று எல்லோரும் சொல்கிறோம். என்னைக் கேட்டால், அதற்கு முன்னாடியே ஹார்டு டிஸ்க் அந்த வேலையை முடித்துவிட்டது. ஓ.டி.டி. வந்து பார்த்தபோது படத்தின் ஆயுள் ஏற்கெனவே நாலு வாரத்துக்குச் சுருங்கியிருந்தது.

இந்த டிஜிட்டல் கருவிகளுக்கான காசை யார் தருவது என்பதில் தனியாக ஒரு சண்டை ஓடியது. ‘வி.பி.எஃப்.’ என்பார்கள். பிரின்ட் செலவு மிச்சமாகிறது இல்லையா, அதற்குப் பதிலாக ஒவ்வொரு திரைக்கும் தயாரிப்பாளர் கட்டும் கட்டணம். கருவிக் கடன் அடைந்த பிறகும் ஏன் கட்டணும் என்று கேட்டு 2018 மார்ச் 1 முதல் தமிழ்த் தயாரிப்பாளர்கள் புதுப்படங்களை நிறுத்தினார்கள். ஏறக்குறைய ஏழு வாரம் தமிழ்நாட்டில் புதுத் தமிழ்ப்படமே வரவில்லை. நம்மில் பலர் அதைக் கவனிக்கவே இல்லை என்பதுதான் வேடிக்கை. 2016-லேயே ஜியோ வந்துவிட்டது. போனில் பார்க்க நிறைய இருந்தது.

மூன்றாவது வாரம் யாருடைய வாரம்?

28 நாள் ஏன் தியேட்டர்காரர்களுக்கு இவ்வளவு வலிக்கிறது? இதைப் புரிந்துகொள்ள ‘ஷேர்’ கணக்கு தெரிய வேண்டும்.

நீங்கள் வாங்கும் டிக்கெட்டில் வரி போக மிச்சம் இருப்பதைத் தியேட்டரும் விநியோகஸ்தரும் பிரித்துக்கொள்வார்கள். சரிபாதி என்று நினைத்தால் தப்பு. பெரிய ஹீரோ படம் என்றால் முதல் வாரத்தில் 70 சதவிகிதம், சில நேரம் அதற்கு மேலும் விநியோகஸ்தருக்குப் போய்விடும். இரண்டாவது வாரம் அது குறையும். மூன்றாவது, நான்காவது வாரங்களில்தான் தியேட்டருக்கு நல்ல பங்கு கிடைக்கும். அதாவது, ஹவுஸ்ஃபுல் போர்டு தொங்கும் வாரத்தில் தியேட்டர்காரர் கிட்டத்தட்ட கேன்டீனையும் பார்க்கிங்கையும் நம்பி ஓட்டுகிறார். அவருடைய வாரம் வரும்போது, “படம் அடுத்த வியாழக்கிழமை முதல் உங்கள் மொபைலில்” என்று பிளாட்ஃபார்ம் போஸ்டர் விட்டுவிடுகிறது. மூன்றாவது வாரம் பார்க்கலாம் என்று இருந்தவர் யாராவது அதற்கப்புறம் வருவாரா?

குடும்பமாகப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவது வாரக் கூட்டம்தான். சென்னை மல்டிபிளெக்ஸில் ஒரு டிக்கெட் ஏறக்குறைய 190 ரூபாய். நாலு பேருக்கு 760. பாப்கார்ன், பார்க்கிங், வண்டிச் செலவு எல்லாம் சேர்த்தால் ஆயிரத்து ஐந்நூறைச் சாதாரணமாகத் தாண்டும். நெட்ஃபிளிக்ஸின் மொபைல் பிளானுக்கு மாதம் 149 ரூபாய் என்று 2021 டிசம்பரில் விலை குறைத்தபோது, அது ஒரே ஒரு மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டைவிடக் கம்மி. மாதச் சம்பளக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தொண்டையார்பேட்டை அகஸ்தியா 2020-ல் மூடியது. 1983 முதல் அசோக் நகரின் அடையாளமாக இருந்த உதயம் 2024-ல் மூடியது. உதயம் இல்லாவிட்டாலும் பஸ் நிறுத்தத்தை இன்னும் ‘உதயம் தியேட்டர்’ என்றுதான் சொல்கிறோம். இந்த மூடல்களுக்கெல்லாம் ஓ.டி.டி. மட்டுமே காரணம் என்றால் அது அரைகுறைப் பேச்சு. நகரத்தின் நடுவில் இருக்கும் அந்த நிலத்தின் மதிப்பு, அதில் ஓடும் எந்தப் படத்தின் வசூலையும்விடப் பெரியது. ஆனால், இடத்தை விற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த முதலாளியை ‘விற்றுவிடலாம்’ என்று முடிவெடுக்க வைத்ததில் இந்த நாலு வாரக் கணக்குக்கும் பங்கு உண்டு.

சில மாதங்களே ஆன...

சினிமா வீட்டுக்கு வருவது ஒன்றும் புதுசு இல்லை. தீபாவளி, பொங்கலுக்கு டி.வி.யில் “திரைக்கு வந்து சில மாதங்களே ஆன” என்று அந்தக் குரல் சொல்லும்போது வீடே டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும். அந்த ‘சில மாதங்கள்’ என்ற இடைவெளிதான் தியேட்டருக்கும் டி.வி.க்கும் நடுவில் இருந்த வரப்பு. தயாரிப்பாளருக்கு சாட்டிலைட் ரைட்ஸ் என்பது படம் எடுத்து முடித்த பிறகு வரும் போனஸ் மாதிரி.

அந்த வரப்பைத் தாண்ட முதலில் துணிந்தவர் கமல்ஹாசன். 2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ படத்தை தியேட்டரில் வருவதற்கு முந்தைய இரவே டி.டி.எச்.சில் போடுகிறேன், கட்டணம் 1000 ரூபாய் என்றார். தியேட்டர்காரர்கள் கொதித்துப் போனார்கள். படத்தைத் திரையிடவே மாட்டோம் என்றார்கள். தேதி தள்ளிப்போனது. அதற்குள் வேறு காரணத்துக்காக மாநில அரசு தடை விதித்து, அந்தத் தடையெல்லாம் தீர்ந்து பிப்ரவரி 7-ம் தேதி தமிழ்நாட்டில் படம் தியேட்டருக்கு வந்தது. டி.டி.எச். திட்டம் அந்தக் களேபரத்தில் காணாமல் போனது.

ஏழு ஆண்டு கழித்து அந்த விவாதத்துக்குக் கொரோனா ஒரே மாதத்தில் முடிவு கட்டியது. 2020 மார்ச்சில் தியேட்டர்கள் மூடின. மே 29-ம் தேதி ஜோதிகா நடித்த ‘பொன்மகள் வந்தாள்’ நேராக அமேசான் பிரைமில் வெளியானது. அதை அறிவித்தபோது, சூர்யாவின் 2டி நிறுவனப் படங்களை இனித் திரையிட மாட்டோம் என்று தியேட்டர் உரிமையாளர்கள் சொன்னார்கள். ‘பெண்குயின்’ வந்தது. நவம்பரில் ‘சூரரைப் போற்று’. அந்தப் படத்தைப் போனில் பார்த்துவிட்டு “ஐயோ, இதைத் தியேட்டர்ல பார்த்திருக்கணுமே” என்று சொல்லாத ஆள் உண்டா? 2021-ல் ‘சார்பட்டா பரம்பரை’, ‘ஜெய் பீம்’ என அந்த ஆண்டு மக்கள் அதிகம் பேசிய படங்களில் சில, ஒரு தியேட்டரிலும் வராமலே பேசப்பட்டன.

நடுவில் ‘மாஸ்டர்’ வந்தது. 2021 ஜனவரி 13 தியேட்டர். ஜனவரி 29 பிரைம். வெறும் 16 நாள். தியேட்டரைக் காப்பாற்ற வந்த படம் என்று கொண்டாடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. அதன் பிறகு தியேட்டர்காரர்கள் விடாமல் கேட்டு, பேசிப் பேசி, மெல்ல மெல்ல நாலு வாரம் என்பது நடைமுறையாகப் படிந்தது. ‘விக்ரம்’, ‘அமரன்’ போன்றவை ஐந்து வாரம் எடுத்தன. மற்றபடி நான்குதான்.

தேதியை எழுதுவது யார்?

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. தியேட்டர் நாலு வாரம் கேட்டதால் மட்டும் நாலு வாரம் நிற்கவில்லை. பிளாட்ஃபார்முக்கும் அது வசதி. படத்துக்காக டிரைலர், இன்டர்வியூ, ரீல்ஸ் என்று செலவழித்த விளம்பரச் சூடு நாலு வாரம் வரைக்கும்தான் தாங்கும். எட்டு வாரம் ஆறவிட்டால் அவர்கள் மறுபடி அடுப்பு மூட்ட வேண்டும்.

சரி, தயாரிப்பாளர் ஏன் ஒத்துக்கொள்கிறார்? காசுதான். ஒரு படத்தை எப்படி விற்கிறார்கள் என்று பாருங்கள். தமிழ்நாட்டை சென்னை, செங்கல்பட்டு, கோவை, மதுரை, திருச்சி, சேலம், நெல்லை என்று ஏரியா ஏரியாகப் பிரித்துக் கொடுப்பார்கள். வெளிநாட்டுக்கு ‘எஃப்.எம்.எஸ்.’. ஆடியோ தனி. இந்தி டப்பிங் தனி. சாட்டிலைட் தனி. டிஜிட்டல் தனி. இதில் தியேட்டர் வருமானம் படம் ஓடினால்தான் உறுதி. டிஜிட்டல் பணமோ ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. பெரிய ஹீரோவின் சம்பளத்துக்கு ஃபைனான்ஸ் வாங்கும்போது அந்த ஒப்பந்தக் காகிதம்தான் ஜாமீன் மாதிரி. அப்புறம் அந்தக் காகிதத்தில் இருக்கும் தேதிக்கு எல்லாரும் கட்டுப்பட வேண்டியதுதான். பிளாட்ஃபார்மின் அட்டவணையில் அக்டோபர் காலியாக இருந்தால் படம் செப்டம்பரில் தியேட்டருக்கு வந்தாக வேண்டும். எடிட்டிங் முடியவில்லை, கிராஃபிக்ஸ் பாக்கி என்றாலும் வந்தாக வேண்டும். பண்டிகையைப் பார்த்து ரிலீஸ் தேதி வைத்த காலம் போய், இன்னொரு கம்பெனியின் காலண்டரைப் பார்த்து வைக்கும் காலம் இது.

வடக்கே கதை வேறு. இந்திப் படங்களுக்கு எட்டு வாரம் என்பதில் பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் உறுதியாக நிற்கின்றன. அதனால்தான் ‘லியோ’வின் இந்திப் பதிப்பை 2023-ல் அந்த மல்டிபிளெக்ஸ்கள் திரையிடவில்லை. நாலு, ஐந்து வாரத்தில் ஓ.டி.டி.க்குப் போகும் தமிழ்ப்படம் எப்படி ‘பான் இந்தியா’ ஆகும் என்ற கேள்விக்கு நம்மிடம் இன்றுவரை சரியான பதில் இல்லை. கேரளத்தில் 42 நாள் என்று ஒப்பந்தம். அதை மீறுகிறார்கள் என்று அங்கே தியேட்டர்காரர்கள் போராடியிருக்கிறார்கள்.

இங்கேயும் முயற்சி நடந்தது. 2024 ஜூலை 29-ம் தேதி தயாரிப்பாளர் சங்கமும் திரையரங்கு, விநியோகத் தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து, முன்னணி நடிகர்களின் படங்கள் எட்டு வாரம் கழித்துத்தான் ஓ.டி.டி.க்குப் போக வேண்டும் என்று தீர்மானம் போட்டன. செப்டம்பரில் ‘கோட்’ வந்தது. 28 நாள். அக்டோபரில் ‘வேட்டையன்’ வந்தது. 29 நாள். தீர்மானம் தாளில் பத்திரமாக இருக்கிறது.

அதை நிஜமாகவே செய்து பார்க்கிறேன் என்று 2025-ல் முன்வந்தது யார் தெரியுமா? 2013-ல் தியேட்டருக்கு முன்பே வீட்டுக்குக் கொடுக்கிறேன் என்ற அதே கமல்ஹாசன். மணிரத்னத்தோடு சேர்ந்த ‘தக் லைஃப்’ எட்டு வாரத்துக்குப் பிறகே நெட்ஃபிளிக்ஸில் வரும் என்று வெளியீட்டுக்கு முன்பே அறிவித்தார்கள். தியேட்டர்காரர்கள் கைதட்டினார்கள். ஆனால் படம் ஓடவில்லை. ஓடாத படத்தை எட்டு வாரம் யாருக்காகப் பூட்டி வைப்பது? ஜூலை 3-ம் தேதி நெட்ஃபிளிக்ஸில் வந்துவிட்டது. மேலே காலண்டரில் நீங்கள் எண்ணிய அதே 28.

பெரிய படத்துக்குத்தான் இந்தச் சண்டையெல்லாம்

சின்னப் படங்களின் நிலைமை தனி. லாக்டவுன் நேரத்தில் பிளாட்ஃபார்ம்கள் போட்டி போட்டு வாங்கின. புது இயக்குநர்கள் பலர், இனித் தியேட்டர் கிடைக்கவில்லையே என்று அலைய வேண்டாம், நேராக ஓ.டி.டி.க்குக் கொடுத்துவிடலாம் என்று நம்பினார்கள். அந்தக் கதவு இப்போது பாதி மூடிவிட்டது. முதலில் தியேட்டரில் போடுங்கள், எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு விலை சொல்கிறோம் என்பதுதான் இப்போது வழக்கமான பதில். தியேட்டரில் ஷோ கிடைக்காததால்தானே ஓ.டி.டி. பக்கம் வந்தார்கள்? இங்கேயும் தியேட்டர் ரிசல்ட் கேட்டால் எங்கே போவது?

வாங்குகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். டிஸ்னியின் இந்தியத் தொழிலும் ரிலையன்ஸின் ஊடகத் தொழிலும் 2024 நவம்பரில் ஒன்றாகி, 2025 பிப்ரவரியில் ‘ஜியோ ஹாட்ஸ்டார்’ ஆனது. மல்டிபிளெக்ஸ் பக்கம் பி.வி.ஆரும் ஐநாக்ஸும் 2023-லேயே ஒன்றாகிவிட்டன. டி.வி., ஓ.டி.டி., இன்டர்நெட் இணைப்பு எல்லாம் ஒரே குழுமத்தின் கீழ் வரும்போது, சாட்டிலைட் தனி, டிஜிட்டல் தனி என்று இரண்டு பேரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த தயாரிப்பாளர் இப்போது ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே விலையைக் கேட்டு எழுந்து வர வேண்டியிருக்கிறது. மீடியா படிப்பில் ‘கன்வர்ஜென்ஸ்’ என்று எங்களுக்கு ஒரு முழு செமஸ்டர் நடத்தினார்கள். எல்லா ஊடகமும் ஒன்றில் கலப்பது என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். அது ஒரு புதுத் தயாரிப்பாளரின் கையெழுத்துக்குக் கீழே இருக்கும் தொகையைக் குறைக்கும் என்று அப்போது தோன்றவே இல்லை.

அப்போ ‘கில்லி’க்கு ஏன் போனீங்க?

இத்தனைக்கும் நடுவில் ஒரு விஷயம் எல்லாக் கணக்கையும் குழப்பிவிட்டது. 2004-ல் வந்த ‘கில்லி’. 2024 ஏப்ரல் 20-ல் மறுபடி ரிலீஸ் ஆனது. அந்தப் படம் டி.வி.யில் எத்தனை முறை ஓடியிருக்கும் என்று யாருக்கும் கணக்குத் தெரியாது. வசனம் மனப்பாடம். காமெடி சீன் எல்லாம் மீம் டெம்ப்ளேட். போனில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனாலும் தியேட்டர் நிரம்பி வழிந்தது. அதில் பாதிப்பேர் படம் முதலில் வந்தபோது எல்.கே.ஜி.கூடச் சேராதவர்கள். அடுத்த ஆண்டு ‘சச்சின்’ வந்தபோதும் இதே கூத்து.

நான் போயிருந்தேன். திரையைவிட ஆட்களைத்தான் அதிகம் பார்த்தேன். ‘அப்படிப் போடு’ வந்தபோது உட்கார்ந்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லோர் கையிலும் போன். தியேட்டரில் ஆடுவதை ஸ்டோரி போடுகிறார்கள். அதைப் பார்த்து அடுத்த ஷோவுக்கு ஆள் வருகிறது. ரீல்ஸில் கிடந்து வளர்ந்த பாட்டு, திரும்ப தியேட்டருக்குப் போய், அங்கிருந்து மறுபடி ரீல்ஸுக்கு வருகிறது. போன் தியேட்டரைத் தின்கிறது என்று மட்டும் சொன்னால் இந்தக் காட்சியை விளக்க முடியாது. ‘கொலவெறி’ பாட்டு 2011 நவம்பரில் யூடியூபில் உலகம் சுற்றியபோது ‘3’ படம் வர இன்னும் நாலு மாதத்துக்கு மேல் இருந்தது. அன்றைக்கே பாட்டு படத்தை விட்டுத் தனியாக நடக்க ஆரம்பித்துவிட்டது. இப்போது டீசர், லிரிக் வீடியோ, முதல் காட்சி முடிந்து வாசலிலேயே எடுக்கும் ரிவ்யூ என்று படத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் தனி வாழ்க்கை. அந்த ரிவ்யூ மேல் கோபம் வந்து, ‘கங்குவா’வுக்குப் பிறகு தியேட்டர் வளாகத்தில் யூடியூபர்களை விடாதீர்கள் என்று தயாரிப்பாளர்கள் கேட்டதும், விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

வாங்கியது படமா, பார்க்கும் அனுமதியா?

கடைசியாக, பார்வையாளராக நம்மை நேராகத் தொடும் ஒரு விஷயம். பொட்டியில் இருந்த படத்தை மாற்ற வேண்டுமென்றால் ஆபரேட்டர் கத்தரிக்கோல் எடுக்க வேண்டும். ஃபைலாக இருக்கும் படத்தை மாற்ற அந்தச் சிரமம் இல்லை. ‘மெய்யழகன்’ வெளியான சில நாளிலேயே ஏறக்குறைய 18 நிமிடம் குறைக்கப்பட்டது. முதல் நாள் போனவரும் இரண்டாவது வாரம் போனவரும் பார்த்தது வேறு வேறு படம். ‘இந்தியன் 2’, ‘கங்குவா’வுக்கும் இது நடந்தது.

படம் மொத்தமாகக் காணாமலும் போகலாம். நயன்தாரா நடித்த ‘அன்னபூரணி’ சென்சார் சான்றிதழ் வாங்கி 2023 டிசம்பர் 1-ல் தியேட்டரில் ஓடிய படம். டிசம்பர் 29-ல் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது (ஆமாம், அதே 28 நாள்தான்). எதிர்ப்பு கிளம்பியதும் ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸிலிருந்து நீக்கப்பட்டது. உங்கள் வாட்ச்லிஸ்டில் இருந்தால் அங்கிருந்தும் போயிருக்கும். டிவிடி வாங்கி அலமாரியில் வைத்தவரிடம் யாரும் வந்து எடுத்துப்போக முடியாது. சந்தா கட்டியவரிடம் அதற்கு ஒரு பட்டன் போதும்.

2025 ஆகஸ்ட் 1-ல் நடந்தது இதைவிட ஒரு படி மேலே. தனுஷ் நடித்த ‘ராஞ்சனா’வின் தமிழ்ப் பதிப்பான ‘அம்பிகாபதி’யை ஈராஸ் நிறுவனம் மறுவெளியீடு செய்தது. க்ளைமாக்ஸில் இறந்துபோகும் நாயகன் இந்த முறை ஏ.ஐ. உதவியோடு பிழைத்துக்கொண்டார். இயக்குநர் ஆனந்த் எல். ராய் கடுமையாக எதிர்த்தார். படத்தின் ஆன்மாவையே எடுத்துவிட்டார்கள் என்ற பொருளில் தனுஷும் அறிக்கை விட்டார். ஆனால் நம் காப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் ‘ஆசிரியர்’ இயக்குநர் இல்லை, தயாரிப்பாளர். 2012-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது ஒரு நல்ல பாதுகாப்பு சேர்ந்தது: ஒப்பந்தம் போட்ட காலத்தில் இல்லாத ஒரு ஊடகத்துக்கு, அதைக் குறிப்பிட்டு எழுதாமல் உரிமை போய்விடாது. புது ஊடகங்கள் விஷயத்தில் கைகொடுக்க அப்படி ஒரு விதி இருக்கிறது. ஏ.ஐ. க்ளைமாக்ஸுக்கு அப்படி நேரடியாக ஒரு விதி இன்னும் எழுதப்படவில்லை.

‘அம்பிகாபதி’ புது முடிவோடு வந்த அதே ஆகஸ்ட் 1-ம் தேதி, ஆமிர் கான் தன் ‘சிதாரே ஜமீன் பர்’ படத்தை எந்த ஓ.டி.டி.க்கும் கொடுக்காமல் யூடியூபில் 100 ரூபாய் வாடகைக்கு விட்டார். ஜூன் 20-ல் தியேட்டருக்கு வந்த படம். இடைவெளி 42 நாள். சந்தா வேண்டாம், பார்க்க விரும்புகிறவர் ஒரு படத்துக்கு மட்டும் காசு கொடுக்கட்டும் என்பது கணக்கு. யோசித்துப் பார்த்தால் 2013-ல் கமல் டி.டி.எச்.சில் விற்க நினைத்ததும் இதே டிக்கெட்தான். அப்போது விலை மட்டும் பத்து மடங்கு.

தமிழில் அதைச் செய்யப்போவது யார் என்று பார்க்க வேண்டும். இந்த வாரம் வெளியான படத்துக்கு எங்கள் டெஸ்க்கில் மூன்று பேர் டிக்கெட் போட்டிருக்கிறோம். நாலாவது ஆள் வழக்கம்போல காலண்டரைத் திறந்து நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்.